அப்பா காலத்து மஞ்சள்

சின்னவர் ஓவியம் வாங்க ஆரம்பித்ததற்கு மழைதான் காரணம். அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது. நாற்பது வருடம் பெயின்ட் தொழிற்சாலை நடத்திய அப்பா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, கடைக்காரர்களின் புகார்களையும் டப்பா சப்ளை செய்கிறவரின் சாக்குப்போக்குகளையும் கேட்டுக் கேட்டு, சாயங்காலம் ஆனால் கழுத்து வலி தாங்காமல் எழுந்து வெளியே போய்விடுவார். அப்படிப் போன ஒரு நாள், மழைக்கு ஒதுங்க ஏதோ ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தார். உள்ளே ஓவியக் கண்காட்சி. பார்க்க வந்தவர்கள் அவரையும் சேர்த்து மூன்று பேர்.

கடைசிச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. ஒரு மஞ்சள் சுவர், அதன் முன்னால் யாரும் உட்காராத ஒரு மர நாற்காலி. அவ்வளவுதான். ஆனால் அந்த மஞ்சள் அவரை நகர விடவில்லை. மழை விட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"இது எந்தக் கம்பெனி கலர்?" என்று ஓவியரிடம் கேட்டார். வாயில் வந்தது தொழில்காரன் கேள்விதான்.

ஓவியர் சிரித்துவிட்டார். "நல்ல கலர் வாங்க எங்க போறது? பக்கத்து ஹார்டுவேர் கடையில மெஷினுக்கு அடிக்கிற பெயின்ட் அரை டப்பா மிச்சம் இருந்துச்சு. அதைத்தான் பூசினேன்." மூலையில் கிடந்த காலி டப்பாவைக் காலால் உருட்டிக் காட்டினார். மூடியில் இருந்தது அப்பாவின் கம்பெனி முத்திரை.

படத்தை அன்றே வாங்கிக்கொண்டு போனார். அந்த வருடம் முடிவதற்குள் அப்பாவின் நாற்காலியை அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

அக்கா அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அம்மா இறந்தபோது சின்னவருக்கு ஆறு வயது. அன்றிலிருந்து அவருக்குத் தலை வாரிவிட்டது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது, பள்ளிக்கூடத்துச் சண்டைக்குப் போய் நியாயம் கேட்டது எல்லாமே அக்காதான். தொழிற்சாலைக்குள்ளும் அப்படித்தான், அப்பா இருந்தபோதே கொள்முதலையும் ஆட்களையும் அவர்தான் கவனித்துக்கொண்டிருந்தார். வாரிசு என்ற பேர் மட்டும் தம்பிக்குப் போயிருந்தது.

"எனக்கு இது வராதுக்கா. நீ பாத்துக்கோ. என் பங்குல வர்றதை வெச்சு நான் வேற ஏதாவது செய்றேன்" என்றார் சின்னவர்.

"வேற ஏதாவதுன்னா?"

"பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டறேன். அப்புறம், படம் வாங்கறேன்."

அக்கா அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, போ. உன் மனசு போலச் செய்" என்றார். அக்கா அவருக்கு எதையும் இல்லை என்று சொன்னதில்லை.

பதினெட்டு வருடம் ஓடியது. சின்னவர் சொன்னதைச் செய்தார். ஊரின் ஓரங்களில், பள்ளிக்கூடமே இல்லாத தெருக்களில், பதினொரு இலவசப் பள்ளிகள் நடந்தன. தரை கழுவுகிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், தையல்காரர்கள், இவர்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். இன்னொரு பக்கம், முந்நூறுக்கு மேல் ஓவியங்கள் சேர்ந்திருந்தன. அவற்றை எல்லோரும் பார்க்க ஒரு காட்சிக்கூடம் கட்டி முடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் அந்த நாற்காலிப் படம் தொங்கியது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் அது நடந்தது.

காட்சிக்கூடத்தில் பழைய ஓவியங்களைச் சோதித்துப் பழுது பார்க்க ஒரு பெண் இருந்தார். அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பட டாக்டர் என்றுதான் சொல்வார்கள். விரிசல் விட்ட படம் வந்தால், "அட்மிட் பண்ணுங்க" என்று அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். துப்பாக்கி மாதிரி கையில் பிடிக்கிற ஒரு கருவி அவரிடம் இருந்தது. படத்தின்மேல் வைத்து விசையை அழுத்தினால், அந்த நிறத்தில் என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்று சின்னத் திரையில் வரும். திறப்பு விழாவுக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று அந்தக் கருவியோடு பள்ளிகளில் ஒன்றுக்குப் போயிருந்தார்.

பிள்ளைகளை ஒரு சாக்பீஸ் கோட்டுக்குப் பின்னால் நிற்க வைத்து, பள்ளிக்கூட மணியைச் சோதித்துக் காட்டினார். "செம்பு!" என்று கத்தினார்கள். மேசைக் காலைச் சோதித்தார். "இரும்பு!"

"சுவரை வைங்க! சுவர்ல தங்கம் இருக்கா பாருங்க!" என்றாள் ஜன்னல் ஓரத்துச் சின்னப் பெண். ஏழு வயது. ஆசிரியைகள் அவளை வாலு என்று கூப்பிட்டார்கள்.

வகுப்பறைச் சுவர்கள் நல்ல மஞ்சள். பதினொரு பள்ளிகளிலும் அதே மஞ்சள்தான். பட டாக்டர் சிரித்துக்கொண்டே கருவியைச் சுவரில் வைத்தார். திரையைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இரண்டடி தள்ளி மறுபடி வைத்தார். பிறகு எதிர்ச் சுவரில்.

"தங்கமா மிஸ்?"

"இல்லம்மா. தங்கம் இல்ல." கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

வாலு விடவில்லை. தன் பென்சில் டப்பாவைத் திறந்து நீட்டினாள். சுவரிலிருந்து உரித்த மஞ்சள் செதில்கள் உள்ளே நிறைந்திருந்தன. "நான் நிறைய சேத்து வெச்சிருக்கேன். இது தங்கம்தான்."

பட டாக்டர் அந்த டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே காட்சிக்கூடத்துக்கு வந்தார். சின்னவர் ஏணிமேல் நின்ற விளக்குக்காரரிடம், "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விளக்குக்காரரை அனுப்பிவிட்டு வரும்வரை பட டாக்டர் வாயைத் திறக்கவில்லை.

"பள்ளிக்கூடச் சுவர்ல காரீயம் இருக்கு சார். கொஞ்ச நஞ்சம் இல்ல."

சின்னவருக்கு முதலில் புரியவில்லை. "காரீயம்னா?"

"விஷம் சார். பிள்ளைங்க உடம்புல சேர்ந்தா மூளையைக் கெடுக்கும். பெரியவங்களுக்கு உடனே வெளியில தெரியாது, ஆனா சின்னப் பிள்ளைங்களுக்கு... தூசியாப் போனாலே போதும். விரலைச் சப்புற வயசு." டப்பாவை மேசைமேல் வைத்தார். "ஒரு குழந்தை இதைச் சேர்த்து வெச்சிருக்கா."

"உங்க மெஷின் தப்பாக் காட்டியிருக்கலாமே."

"இந்த நாற்காலிப் படத்தையும் இதே மெஷின்லதான் போன மாசம் பாத்தேன். ரெண்டு மஞ்சளும் அச்சு அசலா ஒண்ணு சார். படம் கண்ணாடிக்குப் பின்னால இருக்கு, யாரும் தொட மாட்டாங்க. சுவர் அப்படியா?"

சின்னவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். பதினொரு பள்ளிகள். ஆயிரத்து இருநூறு பிள்ளைகள். அந்த மஞ்சளைப் பூசி மூன்று வருடம், சில பள்ளிகளில் நான்கு.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றார். சொன்ன குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

பட டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஆறு வருடமாக அவரிடம் வேலை செய்கிறவர். அவரைப் பெரிய மனிதர் என்று நம்பியவர். "நான் படத்துக்கு டாக்டர்தான் சார். ஆனா இதைச் சொல்ல டாக்டர் படிப்பு வேண்டாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்திருப்பேன். அதுக்கு மேல நானே போய்ச் சொல்லிடுவேன்."

மறுநாள் காலை சின்னவர் தொழிற்சாலைக்குப் போனார். அக்காவின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தார். கையில் பென்சில் டப்பா.

"பள்ளிக்கூடத்துக்கு மெஷின் பெயின்ட் குடுத்திருக்க! பச்சைக் குழந்தைங்க படிக்கிற இடத்துக்கு! எப்படிக்கா மனசு வந்துச்சு?"

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அறுபத்திரண்டு வயது. எவ்வளவு பெரிய சத்தத்துக்கும் அவர் குரல் உயராது. "கதவைச் சாத்து" என்றார். எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். தேட வேண்டியிருக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கோப்பில், நான்கு வருடத்துக்கு முன் பள்ளிச் சுவர்களுக்காகப் பார்த்த நான்கு நிற மாதிரி அட்டைகள் இருந்தன. நான்கும் மஞ்சள். முதல் அட்டையில் சின்னவரின் கையெழுத்தில், 'செத்த மஞ்சள்' என்று எழுதியிருந்தது. இரண்டாவதில், 'இதுவும் இல்லை.' மூன்றாவதில் குறுக்கே ஒரு கோடு. நான்காவது அட்டை அந்த நாற்காலிப் படத்தின் மஞ்சள். அதில் எழுதியிருந்தது: 'இதுதான். அப்பா காலத்து மஞ்சள். இதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.' கீழே முழுக் கையெழுத்து.

"பின்னாடி இருக்கற தாளைப் பாரு."

ஊசி குத்தி வைத்த இன்னொரு தாள். ஆய்வுக்கூடத்துக்காரரின் குண்டு குண்டான எழுத்து. 'நான்காம் மாதிரி இயந்திரங்களுக்கும் வெளிப்புற இரும்பு வேலைக்கும் மட்டும். காரீயக் கலவை உள்ளது. வீடு, பள்ளி உட்சுவர்களுக்குக் கூடாது.' அந்தத் தாளின் மூலையிலும் சின்னவரின் சுருக்கொப்பம். படிக்காமல் போட்டது. அந்த நாட்களில் நீட்டிய தாளில் எல்லாம் போட்டுக்கொண்டிருந்தார்.

சின்னவர் உட்கார்ந்துவிட்டார்.

"மூணாவதும் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டு, நாலு நாள் நீ என்கிட்ட பேசவே இல்ல" என்றார் அக்கா. "ஃபோன் போட்டா எடுக்கல. நாப்பத்தெட்டு வயசு ஆம்பளை. சின்ன வயசுல சோத்துத் தட்டைத் தள்ளிட்டுப் போய் மூலையில உக்காருவியே, அதே மாதிரி."

"நீ இந்தத் தாளைப் படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டுமா குடுத்த?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே லாரியில் டப்பாக்களை அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "சுவர்தானே, யாரு நக்கப் போறாங்கன்னு நெனச்சேன். ஏற்கெனவே இருந்த பழைய சரக்குதான், புதுசாக் கலக்கலையேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்புறம்... நீ கேட்டு எதைடா நான் இல்லைன்னு சொல்லியிருக்கேன்?"

திட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தவருக்குத் திட்ட ஆளில்லை.

"நீ இதுல தலையிடாத" என்று அக்காவே ஆரம்பித்தார். அவர் குரல் வேலைக் குரலுக்கு மாறியிருந்தது. "நம்ம ஆளுங்களை அனுப்பி, பழசைச் சுரண்டிட்டு வேற பெயின்ட் அடிச்சுடறேன். மூணு வருஷம் ஆச்சு, மறுபடி அடிக்கறாங்கன்னு நெனச்சுப்பாங்க. ரெண்டு மாசத்துல பதினொண்ணும் முடிஞ்சுடும். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம். இந்த கேட்டுக்குள்ள இருநூறு பேரு வேலை பாக்கறாங்க. அவங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு. அதையும் யோசி."

சின்னவர் எழுந்தார். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிற்பாடு அவர் தன்னைத்தானே மன்னிக்க முடியாமல் போனது அந்த மென்று முழுங்கிய நிமிடத்துக்காகத்தான்.

வியாழக்கிழமை முழுவதும் விருந்தாளிகளின் பட்டியலைச் சரிபார்த்தார். வெளியூர் ஓவியர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி நாலு பேரு இருந்தா போதும் சார்" என்றார். சின்னவர் கையை உருவிக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவர் போல் நகர்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய ஃபோன் அடித்தது. பட டாக்டர்.

"நீங்க சொல்லித்தான் செய்றாங்களா சார்?" என்று கத்தினார். "தூசி எடுத்துச் சோதிக்கலாம்னு அந்தச் செதில் சேத்த குழந்தையோட பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். சுவரைச் சுரண்டறாங்க. தண்ணிகூடத் தெளிக்காம, வெறும் தகட்டை வெச்சு. ரூம் பூரா புகை மாதிரி மஞ்சத் தூசி. பிள்ளைங்களை முற்றத்துல உக்கார வெச்சிருக்காங்க, காத்து அங்கதான் அடிக்குது. நான் நிறுத்தச் சொன்னா, 'பெரியம்மா உத்தரவு'ங்கறான் மேஸ்திரி."

சின்னவர் படியிறங்கிக்கொண்டே அக்காவுக்கு ஃபோன் போட்டார். "என்னக்கா செஞ்சிட்ட!"

"நாளைக்கு லீவு நாள் பாத்துத்தான் போகச் சொன்னேன். இன்னிக்கே போயிட்டானா?" அக்காவின் குரலில் முதல் முறையாகப் பதற்றம் கேட்டது. "இரு, நான் மேஸ்திரிக்குப் பேசறேன்." ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். "எடுக்க மாட்டேங்கறான். சத்தத்துல கேக்கலை போல. நானும் கிளம்பறேன்."

காரில் போனால் நாற்பது நிமிடம். சந்திப்பில் வண்டி நின்றது. முன்னால் ஒரு சிமெண்ட் லாரி குறுக்கே திரும்ப முடியாமல் உறுமிக்கொண்டிருந்தது. சின்னவர் தலைமையாசிரியைக்கு ஃபோன் போட்டார். எடுத்தார்.

"டீச்சர், அந்த வேலையை நிறுத்தச் சொல்லுங்க. உடனே."

"ஏன் சார்? ஞாயித்துக்கிழமை விருந்தாளிங்க பள்ளிக்கூடம் பாக்க வருவாங்க, அதுக்குத்தான்னு சொன்னாங்களே."

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வாய் வேறு ஒன்றைச் சொன்னது. "இல்ல டீச்சர்... வேற கலர் அடிக்கலாம்னு ஒரு யோசனை. அதான்."

"எந்தக் கலர் அடிச்சாலும் பழசைச் சுரண்டித்தானே ஆகணும்? பாதி ரூம் முடிஞ்சிடுச்சு சார். இப்போ நிறுத்தினா குப்பையும் கூளமுமா நிக்கும். பிள்ளைங்க குஷியா இருக்காங்க, பாடம் இல்லைன்னு. இதோ செதிலை வாரி ஒருத்தன் தலைமேல ஒருத்தன் கொட்டி விளையாடறாங்க. டேய், சும்மா இருங்கடா!"

ஃபோனுக்குள் பிள்ளைகளின் சிரிப்பு கேட்டது.

"டீச்சர்" என்றார் சின்னவர். "அது விஷம்."

"என்ன சார்?"

"அந்த மஞ்சள் பெயின்ட். அதுல காரீயம் இருக்கு. தூசி உள்ள போகக் கூடாது. பிள்ளைங்களை வெளியில கூட்டிட்டுப் போங்க. கை, முகம், வாய் எல்லாம் கழுவச் சொல்லுங்க. விளையாட்டு இல்ல டீச்சர், சத்தியமாச் சொல்றேன்."

எதிர்முனையில் ஒரு மூச்சு இழுக்கிற சத்தம். தலைமையாசிரியை ஃபோனை அணைக்காமலே ஓடினார் போலிருக்கிறது. "மணியை அடிங்க! எல்லாரும் பின்பக்க கேட்டுக்கு! ஓடாதீங்க, வரிசையா!" என்று அவர் கத்துவதும், மணி அடிப்பதும், பெஞ்சுகள் இழுபடுவதும் காதில் விழுந்தன. லாரி திரும்பி வழி கிடைக்கும்வரை சின்னவர் அந்தச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது பின்பக்கத் தெருக் குழாயடியில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பட டாக்டர் முழங்கை வரை நனைந்து ஒவ்வொரு முகமாகக் கழுவிக்கொண்டிருந்தார். சுரண்டிய ஆட்கள் தலையிலும் புருவத்திலும் மஞ்சளோடு ஓரமாக நின்றார்கள். தாங்கள் என்ன குற்றம் செய்தோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களும் அதை மூச்சில் இழுத்தவர்கள்தான் என்பது சின்னவருக்கு அப்போதுதான் உறைத்தது.

செய்தி அதற்குள் தெருவெல்லாம் பரவியிருந்தது. அம்மாக்கள் வேலையை விட்டு ஓடி வந்தார்கள். ஒருத்தர் தலையில் துணி மூட்டையோடே வந்திருந்தார்.

தலைமையாசிரியை கேட்டருகே நின்றார். "எப்போ தெரியும் சார் உங்களுக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி."

"ஆமா டீச்சர்."

"மூணு நாள் இந்தப் பிள்ளைங்களை நான் அந்த ரூமுக்குள்ள உக்கார வெச்சேன். நானே கதவைச் சாத்தி உக்கார வெச்சேன்." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த நேரத்தில் அக்காவின் கார் வந்து நின்றது. அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தம்பியின் முழங்கையைப் பிடித்தார். "ஒண்ணும் பேசாத. வண்டியில ஏறு. வக்கீல் வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

ஐம்பத்திரண்டு வருடத்தில் அந்தக் கையைச் சின்னவர் உதறியதில்லை. இப்போதும் உதறவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மெல்லப் பிரித்து எடுத்தார்.

அம்மாக்களின் பக்கம் திரும்பினார். "இந்த மஞ்சள் வேணும்னு பிடிவாதம் பிடிச்சு வாங்கினது நான். இது ஆகாதுன்னு எழுதிக் குடுத்தாங்க. அதைப் படிக்காமயே கையெழுத்துப் போட்டேன். செவ்வாய்க்கிழமை தெரிஞ்சும் உங்ககிட்ட சொல்லாம இருந்ததும் நான்தான். எல்லாப் பிள்ளைங்களுக்கும் இரத்தம் எடுத்துப் பாக்கணும். இன்னிக்கே ஆரம்பிக்கறேன். பதினொரு பள்ளிக்கூடத்தையும் இப்பவே மூடறேன்."

துணி மூட்டைக்காரர் மூட்டையைக் கீழே போட்டார். இஸ்திரிக் கடை வைத்திருப்பவர், வாலுவின் அம்மா. மகளின் கன்னத்தில் இன்னும் ஒட்டியிருந்த ஒரு செதிலை எச்சில் தொட்டுத் துடைக்கப் போனவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, முந்தானையால் துடைத்தார்.

"உங்களைப் பத்தி வீட்டுக்கு வீடு பேசுவோம்" என்றார் அவர். "மகராசன், நம்ம பிள்ளைங்களுக்குப் பெரிய எடத்துப் பள்ளிக்கூடம் மாதிரியே கட்டிக் குடுத்திருக்காருன்னு. இவ ஒரு வருஷமா வயித்து வலின்னு அழுவா. பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறான்னு அடிச்சு அனுப்பினேன். நான் அடிச்சு அனுப்பினேன் சார்."

சின்னவர் திரும்பிப் பார்த்தபோது அக்காவின் கார் கிளம்பிப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காட்சிக்கூடம் திறக்கப்படவில்லை. அலங்கரித்த வாசலில் ஒரு தாளை ஒட்டினார்கள். பத்திரிகைகள் அவரைக் கிழி கிழியென்று கிழித்தன. கையைப் பிடித்துக்கொண்டு புகழ்ந்த ஓவியர் அடுத்த ரயிலில் ஊருக்குப் போய்விட்டார். ஆயிரத்து இருநூறு பிள்ளைகளைச் சோதித்ததில் நூற்று நாற்பது பேருக்கு இரத்தத்தில் காரீயம் அளவுக்கு மேல் இருந்தது. ஒன்பது பேரை மருத்துவமனையில் வைத்து மருந்து கொடுக்க வேண்டி வந்தது. அந்த ஒன்பதில் வாலுவும் ஒருத்தி.

அந்த வாரமே சின்னவர் படங்களை விற்க ஆரம்பித்தார். சுவர்களை முறையாக நனைத்து, மூடி, பாதுகாப்பாகச் சுரண்டத் தெரிந்த ஆட்களை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. மருத்துவம், சத்துணவு, இரண்டு வருடத்துக்குத் தொடர் சோதனை. பட டாக்டர்தான் ஒவ்வொரு படத்தையும் பொதி கட்டி அனுப்பினார். நாற்காலிப் படம் பன்னிரண்டாவதாகப் போனது. "அதைக் கடைசி வரைக்கும் வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார் பட டாக்டர். "கேட்டவங்க சீக்கிரம் கேட்டாங்க" என்றார் சின்னவர். முந்நூறில் நாற்பதுதான் மிஞ்சியது.

அக்கா எட்டு மாதம் அவரோடு பேசவில்லை. தொழிற்சாலையை ஐந்து மாதம் மூடி வைத்தார்கள். விசாரணை நடப்பதற்குள் அக்கா அந்தக் கோப்பை எரித்திருப்பார் என்றுதான் சின்னவர் நினைத்தார். அக்கா அதைத் தானே கொண்டுவந்து அதிகாரியின் மேசைமேல் வைத்தார். "கையெழுத்து தம்பியோடது. தாளைப் படிச்சுட்டு சரக்கை அனுப்பினது நான்" என்று சொல்லி, நீட்டிய தாளில் ஒப்பமிட்டார். வழக்கு இரண்டு பேர் மேலும் பதிவானது. அன்று வெளியே வந்தபோது மாடிப்படியில் அக்காவுக்குக் கால் தடுமாறியது. சின்னவர் கையைக் கொடுத்தார். அக்கா பிடித்துக்கொண்டார். கீழ்ப்படி வரைக்கும் வந்ததும் விட்டுவிட்டுத் தனியாகப் போனார்.

ஆறாவது மாதச் சோதனை வாலுவின் பள்ளிக்கூடத்து முற்றத்தில் நடந்தது. சின்னவர் ஒவ்வொரு சோதனைக்கும் போனார். பெயரைக் கூப்பிடுவது, நாற்காலி நகர்த்துவது, ஊசிக்கு அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொள்வது, எது சொன்னாலும் செய்தார். சில அம்மாக்கள் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். பலர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

வாலுவின் அம்மா தாளை வாங்கி, மருத்துவர் விளக்கியதை இரண்டு தரம் கேட்டுக்கொண்டு, நேராகச் சின்னவர் நின்ற இடத்துக்கு வந்தார்.

"குறைஞ்சிருக்காம்."

சின்னவர் தலையசைத்தார்.

"படிப்பு எப்படிம்மா..."

"எழுத்தெல்லாம் மறந்து மறந்து போகுது. முன்னாடி அப்படி இல்ல. சரியாகலாம்கறாங்க, ஆகாமலும் போகலாம்கறாங்க." அவர் தாளை நாலாக மடித்தார். "உங்களைப் பாத்தா இன்னும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. பொய் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம்மா."

"அடுத்த சோதனை எப்போ?"

"மூணு மாசம் கழிச்சு."

"நீங்க வருவீங்களா?"

"வருவேன்."

"வாங்க" என்றார் அவர். "வரலைன்னா இவளையும் இழுத்துக்கிட்டு உங்க வீட்டு வாசலுக்கே வந்துடுவேன்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டைத் தாண்டும்வரை சின்னவர் பார்த்துக்கொண்டு நின்றார். மேசையிலிருந்து யாரோ அடுத்த பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார்கள். அவர் பட்டியலைக் கையில் எடுத்தார்.